பந்தலில் நிற்கும் ஈ பகையா, நட்பா?

அருப்புக்கோட்டை நகரின் ஓரத்திலும், திருச்சுழி, காரியாபட்டி செல்லும் சாலைகளின் இரு பக்கத்திலும் புன்செய் நிலங்கள் மனைகளாகி வீடுகள் எழும்பிவிட்டன. அங்கே குடிவந்தவர்களில் பலரும் சம்சாரிக் குடும்பத்தினரே. ஆகவே வீட்டுக்குப் பின்னால் பத்தடி இடம் கிடைத்தாலும் ஓர் அவரைப் பந்தல், ஒரு முருங்கை, கூரைமீது ஏறும் ஒரு பூசணிக்கொடி என்று தோட்டம் உருவாகிவிடுகிறது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் அவரை பூவெடுக்கும்போது கொடியின் நுனியில் கறுப்பு அசுவினி அப்பிக்கொள்ளும். அதே நாட்களில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட ஒரு சிறு பூச்சியும் பந்தலைத் தேடி வரும். கண்ணுக்குத் தெரியாத நூலில் கட்டித் தொங்கவிட்டாற்போல் அந்தரத்தில் அசையாமல் நிற்கும். சட்டென்று ஓரடி விலகும். மறுபடியும் அங்கே நிற்கும்.

இது என்ன பூச்சி என்ற ஐயம் வீட்டாருக்கு எழுகிறது. குளவி என்கிறார் ஒருவர். தேனீ என்கிறார் மற்றொருவர். பூசணிப் பிஞ்சைக் குத்தி அழுகச் செய்யும் பழ ஈ இதுதான் என்று அண்டை வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார். பெயர் முடிவாகும் முன்னரே பருத்திக்கு வாங்கி மிஞ்சிய மருந்து பரணிலிருந்து இறங்கிவிடுகிறது. மறுநாள் அதே பந்தலில் பறித்த அவரைக்காய் குழம்புக்குப் போகிறது.

அந்தரத்தில் நிற்கும் அந்தப் பூச்சி குளவியுமல்ல, தேனீயுமல்ல, பழ ஈயுமல்ல. அதைப் பூச்சியியல் அறிந்தோர் சிர்ஃபிட் ஈ என்பர். அதற்குக் கொடுக்கு இல்லை, எவரையும் கொட்டாது. பூவிலுள்ள தேனும் மகரந்தமுமே அதற்கு உணவு. அது பந்தலுக்கு வருவது காயைக் குத்துவதற்காக அன்று. அசுவினிக் கூட்டத்தின் நடுவே முட்டையிடுவதற்காக. அரிசி நொய்யினும் சிறிய வெள்ளை முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துச் செல்லும். அதிலிருந்து வரும் புழுவுக்குக் காலும் இல்லை, தலை என்று சொல்லத்தக்க ஒன்றும் வெளியே தெரியாது. பச்சையாகவோ பழுப்பாகவோ, முதுகில் வெண்கோட்டுடன், சிறு அட்டைபோல் தண்டில் ஒட்டிக்கிடக்கும். அசுவினியைப் பிடித்துத் தூக்கி, உள்ளிருக்கும் சாற்றை உறிஞ்சிவிட்டுத் தோலை எறிந்துவிடும். ஒரு புழு வளர்ந்து கூடாவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தீர்த்துவிடும். கூலி கேட்காத வேலையாள் என்றால் இதுவே.

இந்தப் புழுவைத்தான் "அவரையில் புழு விழுந்துவிட்டது" என்று சொல்லி மருந்தடிக்கிறார்கள். மருந்தில் அசுவினியும் சாகிறது, ஈயும் சாகிறது. ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் திரும்பி வருவதில்லை. அசுவினி ஆண் துணையின்றியே குட்டி போடுவது. தப்பிய பத்து உருப்படிகள் ஒரு வாரத்தில் கொடியை மறுபடி மூடிவிடும். ஈயோ வேறு இடத்திலிருந்து பறந்து வந்து, முட்டையிட்டு, புழுவாகி வளர வேண்டும். அந்த இடைவெளியில் இரண்டாம் தெளிப்பு, பிறகு மூன்றாம் தெளிப்பு. வீட்டுத் தோட்டத்தில் நூறு ரூபாயோடு போகும் இந்த நட்டம், இரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் சம்சாரிக்கு அந்த வெள்ளாமையின் இலாபம் முழுவதையும் விழுங்கிவிடக் கூடியது. பூச்சியின் பெயர் தெரிந்தபின் மருந்தா, மருந்து வாங்கியபின் பெயரா என்பது ஆராய்ச்சிக்கூடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல.

ஈயினத்தைக் கண்டுகொள்ள முதல் வழி மிக எளிது. சிறகை எண்ண வேண்டும். தேனீ, குளவி, வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றுக்கும் நான்கு சிறகுகள். உண்மையான ஈக்கு இரண்டே சிறகுகள். பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலைபோல் இரண்டு சிறு குமிழ்கள் இருக்கும். பறக்கையில் நிலை தடுமாறாமல் காப்பவை அவை. பெரிய கண்கள், மிகக் குட்டையான உணர்கொம்புகள் ஆகியவையும் அடையாளம். சிர்ஃபிட் ஈ குளவியைப்போல் மஞ்சள் உடுப்பு அணிந்திருப்பது, பறவைகள் அதைக் குளவியென்று அஞ்சி விலகட்டும் என்பதற்காகத்தான். பறவையை ஏமாற்றப் போட்ட வேடத்தில் மனிதனும் ஏமாந்துபோகிறான்.

நம் பெயர்களும் குழப்பத்துக்குத் துணை போகின்றன. தேனீ என்ற பெயரில் ஈ உண்டு. ஆனால் அது ஈயினம் அல்ல. பருத்தியிலும் உளுந்திலும் வரும் வெள்ளை ஈயும் ஈயினம் அல்ல. அது அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் உறவு. நான்கு சிறகுகளிலும் வெண்மெழுகு பூசிக்கொண்டு சாறு உறிஞ்சும் பூச்சி. கொசுவை எவரும் ஈ என்று சொல்வதில்லை. அதுவோ அசல் ஈயினம். துவரைக் காய்க்குள் இருக்கும் "புழு" சில சமயம் ஈயின் பிள்ளையாக இருக்கும். அதை அந்துப்பூச்சியின் புழு என்று எண்ணிப் பணத்தைச் செலவழிப்போர் உண்டு. உலகில் ஈயினத்தில் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் வகைகளுக்கு அறிஞர்கள் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அத்தனையும் எவருக்கும் தேவையில்லை. திருச்சுழிப் பக்கத்து விவசாயிக்கு ஒரு டஜன் ஈக்களைத் தெரிந்தால் போதும்.

அதில் முதலாவது பழ ஈ. இதுவும் மஞ்சள் கோடுடையது, குளவிச் சாயல் கொண்டது; ஆகவேதான் சிர்ஃபிட் ஈயோடு குழம்புகிறது. ஆனால் பழ ஈ அந்தரத்தில் நிற்பதில்லை. சிறகை இரு பக்கமும் விரித்து வைத்துக்கொண்டு பிஞ்சின்மேல் நடக்கும். பெண் ஈயின் பின்முனை ஊசிபோல் கூராக இருக்கும். அது கொட்டுவதற்கல்ல, காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டை வைப்பதற்கு. துளைத்த இடத்தில் நீர் கசிந்து பிசின்போல் உறையும். காய் கோணலாகும், அழுகும், விழும். விழுந்த காயைப் பிளந்தால் வெண்புழுக்கள் நெளியும். சில துள்ளிக் குதிக்கும். குதிக்கும் புழு கண்டால் ஐயம் வேண்டாம்.

பழ ஈயிலும் ஒன்றல்ல, பல உண்டு. மா, கொய்யா, சப்போட்டாவில் வருவது ஒன்று. பூசணி, பாகல், பீர்க்கு, சுரை முதலிய கொடிக்காய்களில் வருவது வேறு. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் வேற்றுமை தெரியும். மாம்பழ ஈயின் முதுகு கருத்திருக்கும். இரு ஓரத்திலும் இரண்டு மஞ்சள் கோடுகள். கொடிக்காய் ஈ செம்பழுப்பாக இருக்கும். முதுகின் நடுவிலும் ஒரு மஞ்சள் கோடு சேர்ந்து மூன்றாகும். சிறகின் நுனியில் பழுப்புப் புள்ளியும் காணப்படும். இலந்தைப் பழத்துக்கென்று தனியே ஓர் ஈ இருக்கிறது.

இந்த நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். பொறி வைக்கிறவருக்கு இதுதான் முக்கியம். மாம்பழ ஈயின் ஆணைக் கவர்ந்திழுப்பது மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள். கொடிக்காய் ஈ அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அதற்குக் கியூலூர் என்ற வேறொரு பொருள் வேண்டும். பாகல் பந்தலில் மெத்தில் யூஜினால் பொறியைக் கட்டிவிட்டு, "பொறியில் ஈயே விழவில்லை, அப்படியானால் ஈ இல்லை" என்று நினைப்பவரும், "பொறி எல்லாம் ஏமாற்று வேலை" என்று தூக்கி எறிபவரும் உண்டு. இருவர் கணக்கும் தவறு. பொறியில் குற்றமில்லை, ஈயின் பெயரில்தான் குற்றம்.

இந்தப் பொறி பிறந்த கதையே ஒரு வீட்டில் தென்பட்ட ஈயிலிருந்து தொடங்கியது. பீகாரிலுள்ள பூசாவில் 1905-இல் நிறுவப்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் ஹௌலெட் என்ற பூச்சியியல் அறிஞர் பணியாற்றினார். அண்டை வீட்டார் ஒருவர் கொசுவை விரட்டச் சிட்ரோனெல்லா எண்ணெயைப் பயன்படுத்தியபோது கொசுவுக்குப் பதில் ஈக்கள் வந்து மொய்த்தனவாம். இதைக் கேட்ட ஹௌலெட் அலட்சியம் செய்யவில்லை. ஈக்களைப் பிடித்துப் பார்த்தார். எல்லாம் பழ ஈக்கள், எல்லாம் ஆண்கள்! 1912-இல் அந்தச் செய்தியை வெளியிட்டார். அந்த எண்ணெயில் ஈயை இழுக்கும் பொருள் எது என்று தேடி, அது மெத்தில் யூஜினால் என்பதை 1915-இல் எழுதினார். இன்று உலகெங்கும் மாந்தோப்புகளில் தொங்கும் பொறிக்கு மூலம் இதுதான். "ஏதோ ஈ, அடித்து விரட்டு" என்று அன்று விட்டிருந்தால் அந்தக் கண்டுபிடிப்பு எவ்வளவு காலம் தள்ளிப்போயிருக்குமோ.

பெயர் தவறினால் அறிஞர்களும் இடறுவர் என்பதற்கு ஆப்பிரிக்காவில் நடந்தது சாட்சி. 2003-இல் கென்யா நாட்டு மாந்தோப்புகளில் அதுவரை அங்கே காணாத ஒரு பழ ஈ தென்பட்டது. சில ஆண்டுகளில் பல நாடுகளுக்குப் பரவியது. அதே ஈ இலங்கையிலும் இருப்பது தெரிய வந்தது. 2005-இல் அதைப் புதிய இனம் என்று கருதிப் புதுப் பெயர் சூட்டினர். பெயர் புதிதானவுடன், அந்த ஈ உள்ள நாட்டின் பழங்களுக்குச் சந்தையில் தடைகளும் எழுந்தன. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் சர்வதேச அணுசக்தி முகமையும் சேர்ந்து நடத்திய நீண்ட ஆய்வுக்குப்பின் 2014-இல் உண்மை வெளிவந்தது. அந்தப் புதிய ஈ, நம் தோப்புகளில் காலங்காலமாக இருந்துவரும் அதே மாம்பழ ஈதான். பிலிப்பைன்ஸ் ஈ என்றும், பப்பாளி ஈ என்றும் தனித்தனிப் பெயரிட்டு வைத்திருந்தவையும் அதுவேதான். நான்கு பெயரில் உலவியது ஒரே பூச்சி! ஒரு பெயரைச் சரிசெய்வதற்கு இருபது நாட்டு அறிஞர்கள் கூட வேண்டியிருந்தது. நம் வீட்டுக் கொல்லையில் அவ்வளவு தேவையில்லை. காயையும் ஈயையும் சற்று உற்றுப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பழ ஈக்கு மருந்தடிப்பதில் ஒரு வீண் இருக்கிறது. புழு இருப்பது காய்க்குள்ளே. மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடுவதில்லை. புழு முற்றியதும் மண்ணில் இறங்கிக் கூடு கட்டும். ஆகவே குத்துப்பட்ட காயை அன்றன்றே பொறுக்கி, ஒன்றரை அடிக்குக் குறையாத குழியில் புதைத்து மண்ணை மிதித்து மூட வேண்டும். குப்பைக்குழியில் எறிவது ஈக்கு இடம் கொடுத்து வளர்ப்பதாகும். பொறி ஆண் ஈயை மட்டுமே பிடிக்கும் என்பதால், காயைப் பொறுக்காமல் பொறியை மட்டும் நம்புவதில் பயனில்லை. கொடியைச் சுற்றி மண்ணைக் கிளறிவிட்டால் கூடுகள் வெயிலில் காய்ந்தும் கோழிக்கு இரையாகியும் போகும். கோழி வளர்க்கும் வீட்டாருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முருங்கையிலும் ஓர் ஈ உண்டு. அதன் காயிலிருந்து பிசின் வடிந்து, காய் நுனியிலிருந்து மேல்நோக்கிக் காய்ந்துவந்தால் அது முருங்கைக்காய் ஈயின் வேலை. உருவில் மிகச் சிறிது; மஞ்சள் நிறம், சிவந்த கண், உடலைத் தாண்டி நீளும் சிறகு. வாழைப்பழத்தோலில் மொய்க்கும் சிற்றீயின் குடும்பத்தைச் சேர்ந்தது. "பழ ஈ" என்ற பெயர் இதற்கும் வழங்குவதால் மாந்தோப்புப் பொறியை முருங்கையில் கட்டுகிறார்கள். அதில் இது விழாது. புளித்த காடி, சிட்ரோனெல்லா எண்ணெய், யூகலிப்டஸ் எண்ணெய் முதலியவற்றின் வாசனைக்கு வரும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. தாக்கப்பட்ட காயை அகற்றுவதும் மண் கிளறுவதும் இங்கும் பொருந்தும்.

வீட்டை விட்டுக் காட்டுக்குப் போனால் ஈயின் விளையாட்டு இன்னும் பெரிது. கரிசலில் சோளம் விதைக்கும் ஒவ்வொரு சம்சாரியும் குருத்து ஈயின் கைவரிசையைக் கண்டவரே. ஈயைத்தான் பலர் கண்டதில்லை. வீட்டு ஈயினும் சிறிது, சாம்பல் நிறம், பார்வைக்கு ஒன்றுமில்லாதது. பயிர் முளைத்த ஒரு வாரத்திலேயே வந்து இலையின் அடிப்பக்கத்தில் சுருட்டு வடிவான வெள்ளை முட்டையை ஒன்றொன்றாக ஒட்டிச் செல்லும். புழு இறங்கி வளரும் குருத்தை அடியில் அறுத்துவிடும். நடுக்குருத்து மட்டும் காய்ந்து நிற்கும். பிடித்து இழுத்தால் கையோடு வரும். அடியில் அழுகல் நாற்றம் அடிக்கும். தண்டுத் துளைப்பானிலும் நடுக்குருத்துக் காயும். ஆனால் அதில் இலையில் வரிசையாகத் துளைகள் தெரியும். தண்டில் எச்சமும் இருக்கும். இரண்டுக்கும் காலம் வேறு, பரிகாரம் வேறு. ஒரு மாதம் தாண்டிய சோளத்தில் குருத்து காய்ந்தால் குருத்து ஈயின் மேல் பழி போட வேண்டாம்.

1964-இல் நாட்டின் முதல் ஒட்டுச் சோளமான சி.எஸ்.எச். 1 வெளிவந்து ஒட்டு ரகங்கள் பரவிய பின்னரே குருத்து ஈயின் கொடுமை எங்கும் பேசப்பட்டது. இதற்கு மருந்தைவிடக் காலமே பெரிய காப்பு. மழையை ஒட்டி முன்கூட்டி விதைத்த காட்டில் ஈ பெருகுமுன் பயிர் தேறிவிடும். பிந்தி விதைத்தவர் காட்டுக்கே ஈ முழுதும் வந்து சேரும். ஆகவே ஓர் ஊரார் ஒரே வாரத்தில் விதைப்பது எல்லாருக்கும் நல்லது. விதையைச் சற்றுக் கூடுதலாகப் போட்டுவிட்டு, களைக்கும்போது குருத்துக் காய்ந்த நாற்றுகளைப் பிடுங்கி அழிப்பதும் பழகிய முறையே. கருவாட்டுத்தூள் பொறி எக்டேருக்கு 12 வீதம், பயிர் 30 நாள் ஆகும்வரை வைக்கலாம் என்று பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய கையேடுகளில் அந்தப் பொறியில் டைக்குளோர்வாஸ் சேர்க்கும்படி எழுதியிருக்கும். "நுவான்" என்ற பெயரில் விவசாயிகள் அறிந்த மருந்து அது. அதுவும், போரேட் குருணையும் 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டன. பழைய சரக்கு யாரிடமாவது இருந்தாலும் வாங்கக் கூடாது. பொறியில் இப்போது எதைச் சேர்ப்பது என்பதை விரிவாக்க மையத்தில் கேட்டே செய்ய வேண்டும்.

கம்பிலும் குதிரைவாலியிலும் வரும் குருத்து ஈக்கள் சோள ஈக்குப் பங்காளிகள்; இனம் வேறு. பார்த்துப் பிரிப்பது வல்லுநருக்கே கடினம் என்பதால் அதில் விவசாயி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

துவரையில் காய் ஈயின் சேதம் வெளியே தெரியாது. காய் பார்வைக்கு நன்றாக இருக்கும். உரித்தால் உள்ளே பருப்பில் வாய்க்கால் வெட்டினாற்போல் தின்ற தடம் இருக்கும். அரிசி போன்ற சிறு வெண்புழு இருக்கும். காய்த்துளைப்பானாயின் காயில் வட்டமான துளை இருக்கும். இதை உரித்துப் பாராமல் வேலியோரம் நின்று பார்த்து மருந்து முடிவு செய்வோர் பலர்.

இனி, நன்மை செய்யும் இன்னோர் ஈ. மக்காச்சோளத்தில் படைப்புழு 2018-இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. விருதுநகர் மாவட்டத்தில் மக்காச்சோளம் போட்டவர்கள் அந்த ஆண்டை மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காட்டில், வீட்டு ஈயைப் போன்றே இருந்து, உடலெல்லாம் முள்முள்ளாக முரட்டு மயிர் கொண்ட ஈ ஒன்று இலைமேல் அலைவதைக் காணலாம். அது டாக்கினிட் ஈ எனப்படும். புழுவின் முதுகிலோ கழுத்தருகிலோ வெள்ளை முட்டையை ஒட்டிவிடும். அதன் குஞ்சு புழுவுக்குள் புகுந்து உள்ளிருந்தே தின்று தீர்க்கும். பச்சைக் காய்ப்புழு, புரொடீனியாப் புழு ஆகியவற்றிலும் இது வேலை செய்யும். கழுத்தில் வெண்முட்டையோடு ஊரும் புழுவைக் கண்டால் நசுக்காமல் விடுவது நல்லது. அந்தப் புழு பிழைக்காது. அதிலிருந்து ஓர் ஈ கிளம்பும்.

வெள்ளை ஈ ஈயே அல்ல என்று முன்னர் கண்டோம். எனினும் பெயர் தெரியாமல் மருந்தடித்தால் என்னாகும் என்பதை அதுவே காட்டியது. 1980-களின் நடுவில் ஆந்திராவின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் பருத்தியை அது சூறையாடியது. காய்ப்புழுவுக்காகச் செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளை அளவின்றி அடித்ததில் நன்மை செய்யும் பூச்சிகள் அழிந்து, வெள்ளை ஈ கட்டற்றுப் பெருகியதே அதற்கு முக்கியக் காரணம் என்று கண்டார்கள். 2015-இல் பஞ்சாபிலும் பருத்தி அதனால் அழிந்தது. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் புதுவகைச் சுருள் வெள்ளை ஈ வந்தபோது, அதன் இனத்தைச் சரியாகக் கண்டறிந்ததால்தான் வேறு வழி பிறந்தது. அதைத் தின்று வளரும் எறும்பினும் சிறிய குளவியொன்று கூடவே வந்திருப்பது தெரிந்தது. மருந்தடித்து அந்தக் குளவியைக் கொல்லாதீர் என்று சொல்ல முடிந்தது.

ஆக, பெயருக்கு விலையுண்டு. அந்தப் பெயரை இன்று கிராமத்தில் யார் சொல்கிறார்? பெரும்பாலும் மருந்துக் கடையில் நிற்பவரே. அவர்மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமாகாது. காலை ஏழு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் திறந்திருப்பது அவர் கடைதான். கடனுக்குத் தருவதும் அவர்தான். ஆனால் "மஞ்சளாக ஒரு பூச்சி" என்ற இரண்டு சொல்லைக் கேட்டு ஒரு புட்டியை எடுத்துக் கொடுப்பவர், விற்க வேண்டிய சரக்கை வைத்திருப்பவர். நோயாளியைப் பாராமல் மருந்து தரும் வைத்தியரிடம் எவரும் இருமுறை போவதில்லை. பயிர் விஷயத்தில் மட்டும் ஆண்டுதோறும் போகிறார்கள்.

அறிவு இல்லாத குறை அல்ல இது. தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி ஃபிளெச்சர் எழுதிய பெரு நூலைச் சென்னை அரசு 1914-இலேயே வெளியிட்டது. டி.வி. ராமகிருஷ்ண ஐயரின் கைநூல் 1940-இல் வந்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018 முதல் பூச்சிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. பெயர்கள் எல்லாம் நூற்றாண்டாக நூலில் இருக்கின்றன. ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. திருச்சுழியிலும் நரிக்குடியிலும் சாக்கோடு வந்து நிற்கும் விவசாயியின் கண்முன் அவை இல்லை.

ஒவ்வொரு வட்டார விரிவாக்க மையத்திலும் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, அந்த வட்டாரத்தில் காணும் ஈ, வண்டு, குளவிகளைக் குத்தி, கீழே தமிழில் பெயரும் "பகை", "நட்பு" என்ற ஒரு சொல்லும் எழுதி வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வாரத்தில் ஒரு நாள், சந்தை கூடும் நாளாகப் பார்த்து, பூச்சி பார்க்கும் நாள் என்று வைத்துக் கொள்ளலாம். விவசாயி கொண்டுவரும் பூச்சியைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஓர் அலுவலர் அன்று மேசையை விட்டு எழாமல் இருந்தால் போதும். மானிய விண்ணப்பத்துக்கு வரிசை நிற்கும் இடத்தில் ஈக்கும் ஒரு வரிசை இருக்கட்டுமே. 2004 முதல் இயங்கும் கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேச்சில் ஈயைக் காட்ட முடியாது. மேலே சொன்ன சாம்பல் ஈயை வாயால் வருணித்து எவரும் கண்டுபிடித்துவிட இயலாது.

"ஈயைப் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருந்தால் பயிர் காத்திருக்குமா?" என்று கேட்பவர் கேள்வியில் நியாயம் உண்டு. குருத்து ஈயின் விஷயத்தில் ஒரு வாரம் பெரிது. ஆயினும் அடையாளம் காண்பது முழுவதும் அலுவலகத்தில் நடப்பதல்ல. எந்தப் பயிரில், எந்த வயதில், எந்தப் பாகத்தில், என்ன செய்துகொண்டிருந்தது என்ற நான்கும் தெரிந்தால் முக்கால் பங்கு பெயர் தெரிந்தாகிவிட்டது. பூவில் உட்கார்ந்து தேன் குடிப்பதா, பிஞ்சில் பின்முனையை ஊன்றுவதா, இலையடியில் ஒளிந்திருப்பதா என்பதைப் பத்து நிமிடம் நின்று பார்ப்பதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. பெண்டிரே வீட்டுத் தோட்டத்தை அதிகம் பார்ப்பவர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் கூர்மை. வீட்டில் இந்த வேலையை அவர்களிடம் ஒப்படைத்தால் பெரியவர்களைவிடச் செம்மையாகச் செய்வார்கள்.

எடுத்துச் செல்வதற்கும் முறை இருக்கிறது. ஈயைக் கையால் அடித்து நசுக்கிக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோனால் எந்த அறிஞராலும் பெயர் சொல்ல முடியாது. சிறகும் முதுகுக் கோடும் போய்விடும். காலை இளவெயிலில், ஈ இன்னும் மந்தமாக இருக்கையில், வாயகன்ற கண்ணாடிப் புட்டியை மேலிருந்து கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகிப் பிடிக்கலாம். பிடிக்க முடியாவிட்டால் புழு உள்ள காயை அப்படியே ஒரு டப்பாவில் இரண்டு விரல் உயரம் மணல் பரப்பி அதன்மேல் வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டி, எறும்பு ஏறாத நிழலில் வைத்துவிட வேண்டும். புழு மணலில் இறங்கிக் கூடாகி, இரண்டொரு வாரத்தில் ஈயாக வெளிவரும். வெளிவந்தவுடன் நிறம் வெளுத்திருக்கும். ஒரு நாள் பொறுத்தால் கோடுகள் தெளியும். கைபேசியில் படம் எடுப்பவர்கள் மேலிருந்து முதுகும் சிறகும் தெரிய ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தாக்கப்பட்ட காயோ குருத்தோ ஒன்று என்று மூன்றாக எடுப்பது நல்லது. தூரத்தில் நின்று செடி முழுவதையும் எடுத்த படத்தில் ஈ ஒரு புள்ளியாகத்தான் இருக்கும். புட்டியின்மேல் பயிர், ஊர், தேதி, பயிரின் வயது ஆகியவற்றை எழுதி ஒட்ட வேண்டும். ஏற்கெனவே மருந்து தெளித்திருந்தால் அதன் பெயரையும், தெளித்து எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் மறைக்காமல் அந்தச் சீட்டிலேயே குறித்துவிட வேண்டும்.